மோஷன் மாட்யூல் வாங்கப் போறியா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டுப் போ

சர்வோ வச்சு மெஷின் கட்டப் போறோம்னு முடிவு பண்ணின உடனே நீ என்ன பண்ணியிருப்பேன்னு எனக்குத் தெரியும் கண்ணு. டீலருக்கு ஃபோன் போட்டிருப்பே. அவர் மூணு கம்பெனி கேட்டலாக்கை வாட்ஸ்அப்ல தள்ளிவிட்டிருப்பாரு. நீயும் ராத்திரி சாப்பிட்டு முடிச்சு, எதுல ஆக்சிஸ் அதிகம், எதுல விலை கம்மின்னு பக்கம் பக்கமா புரட்டிக்கிட்டு இருப்பே. முதல்ல அதை மூடி வை. அதுல இருக்கிற ஒரு நம்பரும் உன் மெஷினைப் பார்த்து எழுதினது இல்லை.

கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோன்னு கோயம்புத்தூர்ல பட்டறை பட்டறையா ஏறி இறங்கிப் பேனல் வேலை பார்த்தவ நான். பவுச் பேக்கிங் மெஷின், நீளம் அளந்து வெட்டுற மெஷின், பம்ப் பாகத்துக்கு டிரில் போடுற எஸ்.பி.எம்., எதை எடுத்தாலும் அதே தப்புதான். வேண்டாத இடத்துல காசைக் கொட்டுறாங்க, வேண்டிய ஒரே ஒரு இடத்துல மிச்சம் பிடிக்கிறாங்க. எட்டு ஆக்சிஸ் மாட்யூல் வாங்கி வச்சிருப்பாங்க, ஓடுறது மூணுதான். ஆனா ஃபிலிம்ல இருக்கிற மார்க்கைப் பிடிக்க வேகமான இன்புட் ஒண்ணு இருக்காது. மெஷின் கஸ்டமர் இடத்துக்குப் போன பிறகு இதைக் கண்டுபிடிச்சா யார் தூக்கம் கெடும்? உன் தூக்கம்தான்.

வேலை தலைக்கு மேல இருக்கா? அப்போ 1, 3, 6 மூணையும் மட்டுமாவது இப்பவே படிச்சிடு. மத்ததை ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி படி.

1. ஃபோன் எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தாள் எடு

என்ன வாங்கணும்னு எழுதாம மளிகைக் கடைக்குப் போனா பை நிறையும், சமைக்கத்தான் ஒண்ணும் இருக்காது. இங்கேயும் அதே கதைதான். தாள்ல ஒவ்வொரு ஆக்சிஸுக்கும் ஒரு வரி போடு:

- எதை நகர்த்துது, எடை எவ்வளவு
- ஒரு தடவைக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரத்துக்குள்ள
- எவ்வளவு துல்லியம் வேணும். கஸ்டமர் கேட்ட துல்லியத்தை எழுது, உன் ஆசையை எழுதாதே
- படுக்கையா ஓடுதா, மேலே கீழே ஓடுதா
- தனியா ஓடுதா, இன்னொரு ஆக்சிஸோட சேர்ந்து ஓடுதா

ரெண்டாவது வரிக்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டே ஆகணும். நிமிஷத்துக்கு 60 பவுச், பவுச் நீளம் 150 மி.மீ.ன்னு வை. ஒரு பவுச்சுக்கு ஒரு செகண்ட் கிடைக்குது. அதுல சீல் அடிக்க, வெட்டன்னு நேரம் போக, ஃபிலிம் இழுக்க 0.4 செகண்ட்தான் மிச்சம். 150-ஐ 0.4-ஆல வகுத்தா செகண்டுக்கு 375 மி.மீ. நிறைய பேர் இங்கேயே பேனாவை மூடி வச்சிடுறாங்க. அது சராசரி வேகம்தான். ரோலர் நின்ன இடத்துல இருந்து கிளம்பி, வேகம் பிடிச்சு, திரும்ப நிக்கணும் இல்லையா? அந்த நேரத்தை ஏறுறதுக்கு ஒரு பங்கு, ஒரே வேகத்துல ஓடுறதுக்கு ஒரு பங்கு, இறங்குறதுக்கு ஒரு பங்குன்னு சமமா பிரிச்சா, உச்ச வேகம் சராசரியைப் போல ஒன்றரை மடங்கு வரும். ஆக செகண்டுக்கு 562 மி.மீ. மோட்டாரையும் மாட்யூலையும் இந்த நம்பருக்குத்தான் பார்க்கணும்.

இந்தத் தாளை டீலர் கையில கொடுத்துப் பாரு. பேச்சோட தரமே மாறிடும்.

2. உன் வேலை எந்த ஜாதி வேலைன்னு தெரிஞ்சுக்கோ

மூணு விதம்தான் இருக்கு.

ஒரு இடத்துல கிளம்பி இன்னொரு இடத்துல போய் நிக்கிறது. ஒவ்வொரு ஆக்சிஸும் அதுஅது பாட்டுக்கு ஓடும். டிரில் எஸ்.பி.எம்., லிஃப்ட், தள்ளிவிடுற கை எல்லாம் இந்த வகை. இதுக்குத் தனி மோஷன் மாட்யூலே வேண்டாம். பி.எல்.சி.யில கூடவே வர்ற பல்ஸ் அவுட்புட் போதும்.

ரெண்டு ஆக்சிஸ் சேர்ந்து ஒரு கோடோ வட்டமோ போடுறது. பசை ஊத்துற மெஷின், கேஸ்கட்டுக்கு வழி போடுறது இந்த வகை. இதுக்கு இன்டர்போலேஷன் வேணும். கேட்டலாக்ல "2 ஆக்சிஸ் லீனியர்"னு மட்டும் போட்டிருந்தா அதுல வட்டம் வராது. "சர்குலர்"ங்கிற சொல்லையும் தேடிப் பாரு. டிராயிங்ல இருந்து ஜி-கோடு எடுத்து ஓட்டப் போறேன்னா பி.எல்.சி. பக்கமே வராதே, நேரா சி.என்.சி. கன்ட்ரோலருக்குப் போ. பி.எல்.சி.யில ஜி-கோடு ஓட்ட மல்லுக்கட்டி மாசக்கணக்கைத் தொலைச்ச பசங்களை நான் பார்த்திருக்கேன்.

மூணாவது, ஒண்ணு ஓட இன்னொண்ணு அது பின்னாடியே ஓடுறது. ஃபிலிம் ஓடிக்கிட்டே இருக்கும்போது நிறுத்தாம வெட்டுற கத்தி, கன்வேயர் வேகத்துக்கு ஈடா சுத்துற சீலிங் ரோலர். இதுக்கு எலக்ட்ரானிக் கியர், கேம் ரெண்டும் வேணும். இந்த வேலையை மட்டும் சாதா பல்ஸ் பி.எல்.சி.யில ஒட்டுப் போட்டு ஓட்டலாம்னு நினைக்காதே. மெதுவா ஓடும்போது சரியா இருக்கும், வேகத்தைக் கூட்டினதும் வெட்டு இடம் நகரும். நீயும் புரோகிராமைத் திருத்தித் திருத்தி அலுத்துப் போவே. மாட்யூலுக்குத் தாராளமா செலவு பண்ண வேண்டிய இடம் இதுதான்.

ஆக்சிஸ் எண்ணும்போது மோட்டாரை மட்டும் எண்ணிட்டு எழுந்துடாதே. மெயின் ஷாஃப்ட்ல இருக்கிற என்கோடரையும், கேம் ஓட்டுறதுக்காக உள்ளே உருவாக்குற கற்பனை ஆக்சிஸையும் பல கம்பெனிகள் கணக்குல சேர்ப்பாங்க. "நாலு ஆக்சிஸ்னா நாலு மோட்டாரா, இல்லே எல்லாம் சேர்த்து நாலா"ன்னு வாய் விட்டுக் கேளு.

3. பல்ஸ் கணக்கைப் போடாம ஆர்டர் போடாதே

இதை நல்லா மனசுல வாங்கிக்கோ. பாதிப் பேர் வழுக்குற இடம் இது.

10 மி.மீ. லீடு இருக்கிற பால் ஸ்க்ரூன்னு வை. மோட்டார் ஒரு சுத்து சுத்தினா மேசை 10 மி.மீ. நகரும். துல்லியம் நல்லா இருக்கட்டும்னு நீ ஒரு பல்ஸுக்கு 1 மைக்ரான் செட் பண்றே. அப்போ ஒரு சுத்துக்கு 10,000 பல்ஸ். மோட்டாரோட வேகம் 3,000 ஆர்.பி.எம்., அதாவது செகண்டுக்கு 50 சுத்து. பெருக்கிப் பாரு, செகண்டுக்கு 5 லட்சம் பல்ஸ். 500 கிலோ ஹெர்ட்ஸ்.

இப்போ உன் பி.எல்.சி.யைப் பாரு. சீமென்ஸ் எஸ்7-1214சி ஆகட்டும், மிட்சுபிஷி எஃப்.எக்ஸ்.3யூ ஆகட்டும், கூடவே வர்ற பல்ஸ் அவுட்புட் 100 கிலோ ஹெர்ட்ஸ்தான். எஃப்.எக்ஸ்.5யூ-ன்னா 200. நூறை வச்சா செகண்டுக்கு 10 சுத்து, 600 ஆர்.பி.எம். 3,000 ஆர்.பி.எம். மோட்டாருக்குக் காசு கொடுத்துட்டு அதுல அஞ்சுல ஒரு பங்கு வேகத்துலதான் ஓட்டுவே.

உடனே பெரிய மாட்யூலுக்குத் தாவணுமா? அவசரப்படாதே. உன் தாள்ல இருக்கிற துல்லியத்தைத் திரும்பப் பாரு. கஸ்டமர் கேட்டது 0.05 மி.மீ.ன்னா, அதுல அஞ்சுல ஒரு பங்கு, 10 மைக்ரான், ஒரு பல்ஸுக்குப் போதும். சுத்துக்கு 1,000 பல்ஸ், முழு வேகத்துல 50 கிலோ ஹெர்ட்ஸ். அதே சின்ன பி.எல்.சி. மூச்சு வாங்காம ஓட்டிடும். டிரைவ்ல இருக்கிற எலக்ட்ரானிக் கியர் பாராமீட்டர் (மேலே சொன்ன கியர் வேற, இது பல்ஸ் விகிதம்) இதுக்காகத்தான் இருக்கு. ஒரு நம்பரை மாத்தினா போற காரியத்துக்கு மாட்யூலை மாத்தாதே.

என்கோடர் 23 பிட், சுத்துக்கு 83,88,608ன்னு டீலர் பெருமையா சொல்வாரு. அது டிரைவும் மோட்டாரும் தங்களுக்குள்ள பேசிக்கிற கணக்கு. மோட்டார் வழவழன்னு ஓட அது நல்லதுதான். ஆனா ஸ்க்ரூவுல 0.1 மி.மீ. பேக்லாஷ் இருந்தா, 23 பிட்டும் அதைச் சரி பண்ணாது. முதல்ல ஃபிட்டரைக் கூப்பிட்டு ஸ்க்ரூவைப் பார்க்கச் சொல்லு.

4. ஆர்டர் கோடைக் கடைசி எழுத்து வரைக்கும் படி

இதுக்கு ரெண்டு நிமிஷம் போதும், ரெண்டு வாரத்தை மிச்சப்படுத்தும்.

- ரிலே மாடல் வாங்காதே. அதே எஸ்7-1214சி ரெண்டு மூணு விதமா வரும். ரிலே அவுட்புட் மாடல்ல இருந்து சர்வோவுக்குப் பல்ஸ் வராது. ரிலேங்கிறது டக்கு டக்குன்னு அடிக்கிற இரும்பு கான்டாக்ட், அது செகண்டுக்கு லட்சம் தடவை எப்படி அடிக்கும்? டிரான்சிஸ்டர் அவுட்புட் மாடலா பாரு. தெரியாம வாங்கிட்டியா? டி.சி. அவுட்புட் இருக்கிற சிக்னல் போர்டு ஒண்ணை மேலே செருகிச் சமாளிக்கலாம். ஆனா அது கூடுதல் செலவு.
- எல்லா அவுட்புட்டும் ஒரே வேகம்னு நினைக்காதே. அந்த சி.பி.யு.விலயே முதல் நாலுதான் 100 கிலோ ஹெர்ட்ஸ், மத்தது 20தான். வயர் போடுற பையன்கிட்டே முன்கூட்டியே சொல்லி வை.
- என்.பி.என்.னா பி.என்.பி.யான்னு பாரு. சீமென்ஸ் பக்கம் பி.என்.பி., ஜப்பான் பக்கம் பெரும்பாலும் என்.பி.என். பி.எல்.சி. ஒரு விதம், டிரைவ் ஒரு விதம்னா வயரிங் முறையை முன்னாடியே மேனுவல்ல பார்த்து வரைஞ்சு வை.
- 5 வோல்ட்டா 24 வோல்ட்டா? பல ஸ்டெப்பர் டிரைவ்ல பல்ஸ் இன்புட் 5 வோல்ட்டுக்குத்தான். 24 வோல்ட்டை நேரா கொடுத்தா உள்ளே ஆப்டோகப்ளர் போயிடும். மேனுவல்ல சொல்ற ரெசிஸ்டரை வரிசையில போடு, பெரும்பாலும் 2 கிலோ ஓம் இருக்கும்.
- டிரைவோட கடைசி எழுத்து. டெல்டா ஏ2 வரிசையை எடுத்துக்கோ. எம்-னா கேன்ஓபன், எஃப்-னா டி.எம்.சி.நெட், இ-னா ஈதர்கேட். பார்க்க ஒரே பெட்டி மாதிரிதான் இருக்கும். பில்லுல கோடைச் சரிபார்க்காம டப்பாவைப் பிரிக்காதே. பிரிச்சிட்டா திரும்ப எடுத்துக்கிறது கஷ்டம்.

5. பல்ஸா, நெட்வொர்க்கா?

ஒண்ணு ரெண்டு ஆக்சிஸ், தனித்தனியா ஓடுற வேலைன்னா பல்ஸே போதும். வயர் கொஞ்சம், புரிஞ்சுக்க சுலபம், லைன்ல இருக்கிற எலக்ட்ரீஷியனே பார்த்துடுவாரு. மூணு தாண்டினா நெட்வொர்க் பக்கம் போயிடு. பல்ஸ்ல ஒவ்வொரு டிரைவுக்கும் பல்ஸ், டைரக்ஷன், சர்வோ ஆன், அலாரம், ரீசெட்டுன்னு ஒரு கத்தை வயர் வரும். அப்படியும் மோட்டார் நிஜமா எங்கே நிக்குதுன்னு பி.எல்.சி.க்குத் தெரியாது, தான் அனுப்பின பல்ஸை மட்டும் எண்ணிக்கிட்டு உட்கார்ந்திருக்கும். நெட்வொர்க்ல ஒரு டிரைவ்ல இருந்து அடுத்ததுக்கு ஒரே கேபிள். அலாரம் நம்பர், லோடு, பொசிஷன் எல்லாம் ஸ்க்ரீன்லயே வரும். கஸ்டமர் பொள்ளாச்சியில இருந்து ஃபோன் பண்ணினா, "என்ன நம்பர் காட்டுது"ன்னு கேட்டே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துடலாம்.

பல்ஸ்ல போறதுன்னா தூரத்தைப் பாரு. மிட்சுபிஷி க்யூ.டி.75 வரிசையில ஓபன் கலெக்டர் மாடல் 200 கிலோ ஹெர்ட்ஸ், கேபிள் 2 மீட்டருக்குள்ள. டிஃபரென்ஷியல் மாடல்னா 10 மீட்டர் வரை போகலாம். டிரைவ் வேற பேனல்ல இருந்தா டிஃபரென்ஷியல்தான், பேரம் பேசாதே.

நெட்வொர்க்ல ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பழக்கம் இருக்கு. மிட்சுபிஷிக்கு எஸ்.எஸ்.சி.நெட், யாஸ்கவாவுக்கு மெக்காட்ரோலிங்க், சீமென்ஸுக்கு ப்ரொஃபிநெட். பெக்காஃப் 2003-ல கொண்டு வந்த ஈதர்கேட்டை இப்போ ஓம்ரான், டெல்டான்னு பலரும் எடுத்துக்கிட்டாங்க. ஒரே கம்பெனிக்குள்ள மாட்டிக்க வேண்டாம்னா எனக்கு ஈதர்கேட்தான் பிடிக்கும். ஆனா ரெண்டு பக்கமும் ஈதர்கேட்னு எழுதியிருந்தா மட்டும் செருகினதும் ஓடிடாது. அந்த கன்ட்ரோலரோட அந்த டிரைவை ஓட்டிப் பார்த்திருக்காங்களான்னு கேளு. டிரைவைப் பத்தி கன்ட்ரோலருக்குச் சொல்ற ஈ.எஸ்.ஐ. ஃபைலையும் கையில வாங்கு. இன்னொண்ணு: சாக்கெட் இன்டர்நெட் கேபிள் சாக்கெட் மாதிரியே இருக்குன்னு நடுவுல ஆஃபீஸ் ஸ்விட்சைப் போட்டுடாதே. ஈதர்கேட் லைன்ல அது ஆகாது.

6. மார்க் பிடிக்கிற இன்புட்: இங்கே மட்டும் மிச்சம் பிடிக்காதே

அச்சடிச்ச ஃபிலிம் ஓடுற எந்த மெஷினுக்கும் உயிர் இதுலதான் இருக்கு. பாக்கெட்ல பேரு நடுவுல வெட்டுப்பட்டா கஸ்டமர் மெஷினை எடுத்துக்க மாட்டாரு.

நடக்கிறதைக் கவனி. ஃபிலிம் செகண்டுக்கு 500 மி.மீ. ஓடுது. கறுப்பு மார்க் சென்சாரைத் தாண்டுது. சென்சார் வயரை நீ பி.எல்.சி.யோட சாதா இன்புட்ல மாட்டியிருக்கே. முதல்ல அந்த இன்புட்டுக்கு ஒரு ஃபில்டர் இருக்கு, குப்பை சிக்னலை வடிகட்ட. எஸ்7-1200-ல கம்பெனியில இருந்து வரும்போதே அது 6.4 மில்லி செகண்ட். அதுக்குள்ள ஃபிலிம் 3.2 மி.மீ. ஓடிடுச்சு. அடுத்து புரோகிராமோட ஸ்கேன் டைம், 5 மில்லி செகண்ட்னு வை. மார்க் வந்த நேரம் ஸ்கேன் ஆரம்பத்துலயா, முடியப் போற நேரத்துலயாங்கிறது ஒவ்வொரு பவுச்சுக்கும் மாறும். அதுல 2.5 மி.மீ. வரைக்கும் முன்னே பின்னே போகும்.

ஃபில்டர்ல போறது எப்பவும் ஒரே அளவு நேரம். ஒரே வேகத்துல ஓட்டினா ஒரு நம்பரைக் கழிச்சு ஒப்பேத்திடலாம், வேகம் மாறினா அதுவும் மாறும். ஸ்கேன்ல போறது ஒவ்வொரு தடவையும் வேற வேற. அதை எந்தப் புரோகிராமராலயும் கழிக்க முடியாது. "சென்சார் சரியில்லை"ன்னு சென்சாரை மாத்துவாங்க, ரோலரை மாத்துவாங்க, ஃபிலிம் சப்ளையரோட சண்டை போடுவாங்க. குத்தம் இன்புட்ல இருக்கும்.

செய்ய வேண்டியது இதுதான்:

- மாட்யூல்லயோ டிரைவ்லயோ லாட்ச் இன்புட், இல்லேன்னா டச் ப்ரோப்னு ஒரு வசதி இருக்கணும். மார்க் வந்த நொடியில மோட்டார் இருந்த பொசிஷனை ஹார்டுவேரே எழுதி வச்சிடும். புரோகிராம் அப்புறம் சாவகாசமா படிச்சுக்கலாம்.
- சென்சார் வயரை நேரா டிரைவோட அந்த இன்புட்டுக்குக் கொண்டு போ. நடுவுல ரிலே வைக்காதே. பி.எல்.சி. இன்புட்டுக்குப் போய்ச் சுத்தி வரவும் விடாதே.
- எல்லா டிரைவ்லயும் எல்லா இன்புட்லயும் இந்த வசதி இருக்காது. எந்த டெர்மினல்னு மேனுவல்ல பார்த்து தாள்ல குறிச்சு வை.
- சென்சாரும் வேகமா இருக்கணும். நல்ல மார்க் சென்சார் சில பத்து மைக்ரோ செகண்ட்ல பதில் சொல்லும். 50 மைக்ரோ செகண்ட்னா மேலே சொன்ன வேகத்துல 0.025 மி.மீ.தான் தவறும்.
- மார்க் வரவேண்டிய இடத்துக்கு முன்னே பின்னே ஒரு சின்ன ஜன்னல் வச்சு, அதுக்குள்ள வர்ற சிக்னலை மட்டும் எடுத்துக்கோ. இல்லேன்னா பாக்கெட்ல அச்சடிச்ச எழுத்தையும் மார்க்னு பிடிச்சிடும்.

மாட்யூல் பிராண்டுல ஒரு படி இறங்கினாலும் பரவாயில்லை கண்ணு, இதுல இறங்காதே.

7. கரன்ட் போய் வந்தா மெஷின் எங்கே நிக்கும்?

நம்ம ஊர்ல இந்தக் கேள்வியைக் கேட்காம சர்வோ வாங்கக் கூடாது. இன்கிரிமென்டல் என்கோடர்னா ஒவ்வொரு தடவை கரன்ட் வந்ததும் ஹோமிங் போகணும். நடுவுல பொருள் மாட்டிக்கிட்டு இருந்தா, ஹோமிங் போற வழியில டூல் உடையும். அந்த மாதிரி மெஷினுக்கு அப்சல்யூட் என்கோடர் போடு, மாட்யூலும் அந்த மதிப்பைப் படிக்கிற மாதிரி இருக்கணும். பல மாடல்ல இதுக்கு பேட்டரி உண்டு. பேட்டரி மாத்தும்போது டிரைவோட கன்ட்ரோல் பவரை ஆன்லயே வச்சு மாத்தச் சொல்லு. பவரையும் நிறுத்திட்டு பேட்டரியையும் கழட்டினா பொசிஷன் போச்சு, திரும்ப முதல்ல இருந்து செட் பண்ணணும்.

ஹோமிங்ல ஒரு நுணுக்கம், இது யாரும் சீக்கிரம் சொல்லித் தர மாட்டாங்க. ஹோம் சென்சாரைத் தாண்டினதும் மோட்டாரோட இசட் பல்ஸைத் தேடி நிக்கிற முறை நல்ல முறைதான். ஆனா சென்சார் மாறுற விளிம்பும் இசட் பல்ஸும் கிட்டத்தட்ட ஒரே இடத்துல விழுந்தா, ஒரு நாள் இந்த சுத்து, இன்னொரு நாள் அடுத்த சுத்துன்னு பிடிக்கும். மேசை திடீர்னு சரியா 10 மி.மீ. தள்ளி நிக்குதா, அதுவும் ஸ்க்ரூ லீடு 10 மி.மீ.யா? வேற எங்கேயும் தேடாதே. சென்சாரை அரைச் சுத்து அளவுக்கு நகர்த்தி வை.

8. எமர்ஜென்சியைப் புரோகிராம்கிட்டே விடாதே

இதுல நான் கண்டிப்புதான். சிவப்பு பட்டனை பி.எல்.சி. இன்புட்ல மட்டும் மாட்டி, "புரோகிராம் நிறுத்திடும்"னு சொல்ற பேனலை நான் கை வச்சு ஒப்புத்துக்க மாட்டேன். சேஃப்டி ரிலே வழியா டிரைவோட எஸ்.டி.ஓ. (சேஃப் டார்க் ஆஃப்) டெர்மினலுக்கு வயராவே போகணும். எஸ்.டி.ஓ. இல்லாத டிரைவ்னா மெயின் பவரை கான்டாக்டர் வச்சு வெட்டணும்.

மேலே கீழே ஓடுற ஆக்சிஸ் இருந்தா இன்னும் ஒரு படி கவனம். எஸ்.டி.ஓ. மோட்டாரோட பலத்தை எடுத்துடும், லோடைத் தாங்காது. கீழே கையை விட்டுக்கிட்டு ஆள் நிப்பான்னு நினைச்சுக்கோ. பிரேக் இருக்கிற மோட்டார்தான் வாங்கணும். அந்த பிரேக்கும் நின்ன லோடைப் பிடிச்சு வைக்கத்தான், ஓடுறதைத் தேய்ச்சு நிறுத்துறதுக்கு இல்லை. தினமும் அப்படி நிறுத்தினா சீக்கிரமே தேஞ்சு போகும், தேஞ்சது வெளியே தெரியவும் தெரியாது.

9. வயரும் வெப்பமும்

மோட்டார் கேபிளும் என்கோடர் கேபிளும் ஒரே டக்ட்ல வேண்டாம். ஷீல்டைப் பின்னல் மாதிரி முறுக்கி நீளமா இழுக்காதே, கிளாம்ப் போட்டு எர்த் பிளேட்லயே அழுத்து. கேபிளை மாட்யூலோடவே கம்பெனி கேபிளா வாங்கு. அங்கே மிச்சம் பிடிக்கிற காசு, காரணம் தெரியாத அலாரமா திரும்பி வரும். பெரும்பாலான மாட்யூலுக்கு 55 டிகிரி வரைக்கும்தான் அனுமதி. சித்திரை மாசத்துல தகரக் கூரைக்குக் கீழே, மூடின பேனலுக்குள்ள, டிரைவ் சூட்டோட அது எவ்வளவு போகும்னு ஒரு தெர்மாமீட்டர் வச்சுப் பாரு. ஃபேனுக்கு ஃபில்டர் வச்சு, அதைத் துடைக்கிற மாதிரி வழியும் வை. பஞ்சு பறக்கிற மில்லுன்னா ஃபேனே வேண்டாம், பேனல் ஏ.சி. போடு.

10. யார் ரிப்பேர் பண்ணுவாங்கன்னு யோசிச்சு வாங்கு

விலைப் பட்டியல்ல தெரியாத செலவெல்லாம் இங்கேதான். சாஃப்ட்வேருக்கு லைசென்ஸ் உண்டா, ஒரு கம்ப்யூட்டருக்கா ரெண்டுக்கா? டெல்டாவோட ஐ.எஸ்.பி.சாஃப்ட் மாதிரி சும்மா கிடைக்கிறதும் உண்டு, டி.ஐ.ஏ. போர்ட்டல் மாதிரி காசு கட்டுறதும் உண்டு. கேம் வேணும்னா சில கம்பெனியில வேற சி.பி.யு.வே வாங்கணும். சீமென்ஸ்ல அதுக்கு 1500டி வரிசை. கொட்டேஷன் வாங்கும்போதே இதையெல்லாம் சேர்த்துப் போடச் சொல்லு.

பி.எல்.சி. ஓபன் முறையில எழுதுற மாட்யூலா பாரு. எம்.சி. பவர், எம்.சி. ஹோம், எம்.சி. மூவ் அப்சல்யூட்னு பிளாக் பேரெல்லாம் பல கம்பெனியிலயும் ஒண்ணுதான். உன்கிட்டே வேலை பார்க்கிற பையனோ பொண்ணோ ஒண்ணுல கத்துக்கிட்டா அடுத்ததுல பயப்பட மாட்டாங்க.

பழைய மாட்யூல் பாதி விலைக்குக் கிடைக்குதுன்னு புது மெஷின்ல வைக்காதே. தயாரிப்பு நின்னு போன மாடலா இருந்தா ஸ்பேருக்கு எங்கே ஓடுவே? எஸ்7-200 வச்ச மெஷின் இன்னும் எத்தனையோ ஓடுது, அதுக்கு ஸ்பேர் தேடி அலையுறவங்களைக் கேட்டுப் பாரு. 2021, 22-ல சிப் தட்டுப்பாடு வந்தப்போ ஆர்டர் போட்டுட்டு மாசக்கணக்குல காத்திருந்தோம். கையில மாற்று பிராண்டுக்கு ஒரு டிராயிங் வச்சிருந்தவங்கதான் மெஷினை அனுப்பினாங்க.

டீலர்கிட்டே கேட்க வேண்டியதை எழுதிக்கோ:

- இதே மாட்யூல், இதே டிரைவ் ஜோடி நம்ம பக்கத்துல எந்த மெஷின்ல ஓடுது? நேர்ல பார்க்கலாமா?
- ஸ்பேர் உள்ளூர்ல இருக்கா, வரவழைக்கணுமா? எத்தனை நாள்?
- சர்வீஸ் இன்ஜினியர் கோயம்புத்தூர்ல இருக்காரா, சென்னையில இருந்து வரணுமா?
- டெமோ கிட் ரெண்டு நாள் கொடுப்பீங்களா?

கடைசிக் கேள்விக்கு "ஆமா"ன்னு சொன்னா விடாதே, வாங்கிட்டு வந்து மேசை மேலேயே ஓட்டு. உன் தாள்ல எழுதின தூரம், எழுதின நேரம், அதே வேகம். ஒரு மணி நேரம் விடாம ஓட்டு. நடுவுல கேபிளைக் கழட்டிப் பாரு, என்ன அலாரம் வருதுன்னு பாரு. பவரை நிறுத்தி ஆன் பண்ணு, பொசிஷன் இருக்கான்னு பாரு. மார்க்குக்குப் பதிலா ஒரு சக்கரத்துல கறுப்பு டேப் ஒட்டி லாட்ச் இன்புட்டைச் சோதி. வர்ற நம்பரெல்லாம் ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு வித்தியாசப்படுதுன்னு வரிசையா எழுது. அந்த வித்தியாசம் உன் கஸ்டமர் கேட்ட துல்லியத்துக்குள்ள இருந்தா அன்னைக்கே ஆர்டர் போடு, ஒரு ஸ்பேர் டிரைவும் சேர்த்து.